மேட்டின் மேல் பாதி போதும்

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்
21 ஏப்ரல் 2025

சபீனா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால், நான் பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே போய் விழுவான் என்பதும் எனக்குத் தெரியும். என் நம்பரை நீ பிளாக் செய்து எட்டு மாதம் ஆகப்போகிறது. மெயிலையும் திறப்பதில்லை. ஸ்பீட் போஸ்டை மட்டும் யாராலும் பிளாக் செய்ய முடியாது என்று யோசனை சொன்னது என் மனைவி ரஷ்மிதான். தெலுங்கில் சண்டை போட்டு, இங்கிலீஷில் பரீட்சை எழுதி வளர்ந்த ஹைதராபாத்காரன் நான். சம்மர் லீவில் அம்மா ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த தமிழ் இது. ரகர, றகரத் தகராறு இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பூர்ணா காரு போன் செய்தார். ஆமாம், இருபத்திரண்டு ஸ்கூல் வேன் வைத்திருக்கும், பெயரோடு 'காரு' என்று தெலுங்கு மரியாதை சேர்க்காவிட்டால் திரும்பிப் பார்க்காத அதே அம்மாதான். ஆகஸ்டில் நம் வண்டியில் ஏறி, நெற்றி வீங்கி இறங்கிப் போனாரே, அவர். ஸ்கூல் திறப்பதற்குள் பத்து வேன்களை ஹைப்ரிடாக மாற்ற முடிவு செய்தாக வேண்டுமாம். "உங்க வண்டி இன்னும் உசுரோட இருக்கா?" என்று கேட்டார். நான் நின்ற இடத்திலேயே குதித்ததைப் பார்த்து ரஷ்மி கேஸை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

வண்டி உயிரோடு இருக்கிறது சபீனா. நம் டிரைவர் சுனில் பாய் வைத்த பெயர்களும் அப்படியேதான் இருக்கின்றன. ஷெட்டுக்கு யார் வந்தாலும் அவர் அறிமுகம் செய்துவைப்பார். பெரிய பேட்டரி 'ஆராம்', நிதானமாகக் கொடுக்கும், நிதானமாக வாங்கும். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் 'ஜல்தி', கண்ணை மூடித் திறப்பதற்குள் கொடுத்துவிடும், வாங்கிவிடும். போன வாரம் இருபது மணல் மூட்டையோடு மௌலா அலி ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மேட்டின் மேல் இருக்கும் ஷெட்வரை வண்டியை ஒரே மூச்சில் ஏற்றினார் பாய். முன்பு பேட்டரியை மட்டும் நம்பி ஏறினால் மேலே வருவதற்குள் அதன் மேல் தோசை வார்க்கலாம். இப்போது ஏற்றத்தில் ஜல்தி தோள் கொடுக்கிறது. ஆராமைத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடுதான்.

மே 24, சனிக்கிழமை மறுபடியும் டிரையல். பூர்ணா காரு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். புரோகிராம் எழுதிய பெண் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும், இல்லையென்றால் ஏறமாட்டார். இந்தப் பத்து வேன் கிடைக்காவிட்டால் ஜூனில் ஷெட்டை மூடிவிட வேண்டியதுதான். நடந்ததைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

பத்ரி


கோயம்புத்தூர்
26 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய திரு. பத்ரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ரகர, றகரத் தகராறு ஏழு இடங்களில் இருந்தது.

நான் வருவதற்கில்லை. காரணத்தை நேரில் பேசலாம் என்று நீங்கள் தள்ளிவைக்கிறீர்கள். நான் எழுதியே விடுகிறேன்.

ஷெட் மேட்டின் மேல் இருக்கிறது. காலையில் வண்டியை வெளியே எடுத்தால் முதல் வேலையே சரிவில் இறங்குவதுதான். இறங்கும்போது பிரேக் பிடித்தால் மோட்டார் கரண்டைத் திருப்பித் தரும். அதை வாங்கிக்கொள்ள ஜல்தியில் இடம் இருக்க வேண்டும். அதனால் மேட்டின் மேல் அது பாதி வோல்டேஜில் நிற்க வேண்டும். திரையில் பாதி என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது கால் பங்குதான், முக்கால் பங்கு இடம் காலி. என் புரோகிராமில் நான் முதலில் எழுதியது இதைத்தான்.

வண்டிக் கம்ப்யூட்டரின் ஆகஸ்ட் 17 பதிவில், வண்டி கிளம்புவதற்கு முன்பே ஜல்தி நூறு காட்டுகிறது. ஆகவே இறங்கும்போது வந்த கரண்ட் முழுவதும் ஆராமின் தலையில் விழுந்தது. அதுவும் நிறைந்திருந்ததால் அதன் பாதுகாப்பு சர்க்யூட் கழன்றுகொண்டது. மோட்டார் பிடித்திருந்த பிடி போய் வண்டி துள்ளியது. இவ்வளவும் பதிவில் இருக்கிறது. பாதியில் நிற்க வேண்டியது எப்படி நிறைந்தது என்பது மட்டும் இல்லை.

யார் சார்ஜர் போட்டாலும் கதவோரப் பலகையில் நேரத்தையும் பெயரையும் எழுத வேண்டும் என்று நாம் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டோம். பலகை காலியாக இருந்தது. அதனால் நான் உங்களைக் கேட்கக்கூட இல்லை. கேட்டால் அது உங்களுக்கு அவமானம் என்று நினைத்தேன். பத்தொன்பது நாள் தேடினேன். சென்சாரை மூன்று முறை மாற்றினேன். கடைசியில் சந்தேகப்பட மிச்சம் இருந்தது என் மூளை மட்டும்தான்.

வண்டி துள்ளிய மறு நிமிடமே நீங்கள் பூர்ணா காருவிடம் புரோகிராமில் ஏதோ தப்பு என்று தெலுங்கில் சொன்னீர்கள். எனக்குப் புரியாது என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. அமீர்பேட் ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்தவளுக்கு அந்தத் தெலுங்கு போதும்.

இங்கே பம்பு மோட்டார் கம்பெனியில் வேலை. மோட்டார் கிணற்றோடு நிற்கும், சரிவில் இறங்காது. நிம்மதியாக இருக்கிறேன். பிழை எங்கே என்று தெரியாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சபீனா


ஏ.எஸ்.ராவ் நகர்
1 மே 2025

சபீனா,

'நீங்கள்' என்று எழுதிவிட்டாய். நாலு வசவு வைத்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இது நான்காவது காகிதம். முதல் மூன்றில் வெயிலைப் பற்றியும் சுனில் பாயின் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதிக் கிழித்தேன். இதிலும் சுற்றி வளைக்கத்தான் கை போகிறது. சொல்லிவிடுகிறேன்.

ஜல்தியை நிரப்பியது நான்.

எங்கள் காலனியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வருகிற நாளில் குடம், பக்கெட், குக்கர், டம்ளர்வரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் அம்மா வெளியே கிளம்புவாள். அரைக்குடத்தை வைத்துவிட்டு நல்ல காரியத்துக்குப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அன்று எல்லோரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வண்டிக்குள் வந்தேன். திரையில் ஐம்பது. பூர்ணா காரு பார்த்தால் என்ன நினைப்பார், முதல் நாளே பாதியா என்று கேட்க மாட்டாரா என்று தோன்றியது. எனக்குத் தெரியாதா சபீனா? பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் புத்தி சொன்னதைக் கை கேட்கவில்லை. சார்ஜரை மாட்டினேன். மூன்றே நிமிடத்தில் நூறு. பலகையில் எழுத சாக்பீஸை எடுத்தேன். வெளியே பூர்ணா காரு கூப்பிட்டார். வைத்துவிட்டேன்.

வண்டி துள்ளியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். சாயங்காலம் சார்ஜர் வயரைச் சுற்றி வைக்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பத்தொன்பது நாளும் அப்படியேதான் நினைத்தேன். நீ வண்டிக்கு அடியில் படுத்து சென்சாரைக் கழற்றி மாட்டினாயே, மூன்று முறையும் உனக்கு டார்ச் பிடித்தது நான்தான்.

உன் புரோகிராமில் பிழை இல்லை. வெட்கமாக இருக்கிறது. நீ வர வேண்டாம். டிரையல் இல்லை என்று பூர்ணா காருவிடம் சொல்லிவிடுகிறேன்.

பத்ரி


கோயம்புத்தூர்
6 மே 2025

பத்ரி,

இனி 'மதிப்பிற்குரிய'வும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை.

நீ சார்ஜர் போட்டதைக்கூட விட்டுவிடலாம். பலகையில் எழுதாததையும் விடலாம். டார்ச் பிடித்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கண்ணில் தூசி விழுந்தபோது ஊதிவிட்டதும் நீதான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். உன் கடிதத்தை கேன்டீனில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து மேஜையை ஓங்கித் தட்டினேன். சாம்பார் கிண்ணம் கவிழ்ந்தது. என் புரோகிராம் சரி. இந்த எட்டு மாதத்தில் நான் ரூம் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவளாகிவிட்டேன் பத்ரி. இரண்டும் இரண்டும் நான்கு என்றாலும் கால்குலேட்டரைத் தேடுகிறேன். அன்று பக்கத்துக் கடையில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். தொலைந்துபோன சாமான் கிடைத்துவிட்டது என்றேன். உத்தமபாளையத்தில் அத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஒரு தகப்பனாக அவர் உன்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மே 8

இந்தக் கடிதத்தை இரண்டு நாளாகத் தபாலில் போடவில்லை. ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று நீ ஒரு ஆள் அந்தத் தப்பைச் செய்தாய். நாளைக்குப் பத்து வேன், பத்து டிரைவர். பத்துப் பேர் வீட்டிலும் தண்ணீர் பிடித்து வைக்கிற அம்மா இருப்பார். குடம் நிறைந்தால்தான் மனசு நிறையும் ஜனங்களிடம், பாதியில் நிறுத்துங்கள் என்று பலகையில் எழுதி வைத்தால் யார் கேட்பார்கள்? அப்படியானால் என் புரோகிராமிலும் பிழை இருந்திருக்கிறது. மனுஷனை அது கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இன்று மத்தியானம் அதற்கு வழி கிடைத்தது. மேட்டின் மேல் ஜல்தி நிறைந்திருந்தால் வண்டி நகரக் கூடாது. கூரையில் இருக்கும் ஏ.சி. காற்றாடிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு அந்தக் கரண்டைச் செலவழித்து, தானே பாதிக்கு வந்து, பிறகு கிளம்ப வேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி இன்னொன்று. ஸ்கூல் வேன் தினமும் ஒரே ரோட்டில்தான் போகிறது. இரண்டு தடவை ஓட்டினால் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று வண்டியே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்துக்கு முன்னால் ஜல்தியை நிரப்பிக்கொள்ளும், இறக்கத்துக்கு முன்னால் இடம் செய்துகொள்ளும். இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை?

பென் டிரைவை கூரியரில் அனுப்புகிறேன். அதைப் போடுவதற்கு முன்னால் பூர்ணா காருவிடமும் சுனில் பாயிடமும் நேரில் போய் உண்மையைச் சொல். 'நாங்கள்' என்று ஆரம்பிக்காதே, 'நான்' என்று சொல். சொல்லாமல் பென் டிரைவைத் தொட்டாயோ, தெரியும் சேதி.

சபீனா


ஏ.எஸ்.ராவ் நகர்
15 மே 2025

சபீனா,

சொல்லிவிட்டேன்.

சுனில் பாயையும் கூட்டிக்கொண்டு பூர்ணா காரு வீட்டுக்குப் போனேன். வாசலில் டியூப் பிடித்து வேன் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டார். நான் முடித்ததும், "பில்லலு உண்டுண்டே?" என்றார். உள்ளே பிள்ளைகள் இருந்திருந்தால் என்று ஆகஸ்டில் கேட்ட அதே கேள்வி. அன்று புரோகிராமைக் கைகாட்டினேன். இந்த முறை கைகாட்ட யாரும் இல்லை. குழாயை மூடிவிட்டு, அந்தப் பெண் வந்தால் தானும் வருவதாகவும், நான் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது மௌலா அலி ஸ்டேஷன் பக்கத்தில் சுனில் பாய் வண்டியை நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "கைக்கு சுப் பைட்டே பாய், இத்னே தின்?" என்றார். ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டவர், பிறகு இரண்டு நாள் தன் வாயைத் திறக்கவே இல்லை. ஷெட்டுக்கு வந்து சாக்பீஸை எடுத்து, எழுதாமல் விட்ட வரியைப் பலகையில் எழுதினேன். 'ஆகஸ்ட் 17, 10.40, ஜல்தி, பத்ரி.'

அதற்குப் பிறகுதான் உன் பென் டிரைவ். மணல் மூட்டைகளை ஏற்றி ஒரே ரூட்டில் மூன்று சுற்று போனோம். முதல் இரண்டு சுற்றில் விசேஷம் ஒன்றுமில்லை. மூன்றாவதில், ஏற்றத்துக்கு இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும்போதே திரையில் ஜல்தி ஏற ஆரம்பித்தது. அறுபது, எழுபது, தொண்ணூறு. ஏற்றம் வந்தபோது நூறு. யாரும் ஒரு பட்டனையும் தொடவில்லை சபீனா. சுனில் பாய் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இஸ்கோ மாலூம் பாய்" என்றார். இதற்குத் தெரிகிறது என்று அவர் சொன்னதுதான் இரண்டு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதோடு நிற்காமல் அன்று மட்டும் மொத்தம் பதினோரு சுற்று போனோம். ஆராமின் சூடு பழையதில் பாதிகூட இல்லை.

24 அன்று வருவாயா? ஒரு வரி போட்டால் போதும்.

பத்ரி


கோயம்புத்தூர்
19 மே 2025

பத்ரி,

24 காலை செகந்திராபாத்தில் இறங்குவேன். சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன்.

ஒரு ஏற்பாடு. பூர்ணா காரு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் கண் முன்னாலேயே நீ சார்ஜரைப் போட்டு ஜல்தியை நூறு ஆக்க வேண்டும். ஆகஸ்டில் செய்ததை அப்படியே செய். இந்த முறை பலகையில் எழுது. அதற்குப் பிறகுதான் இறங்குவோம்.

பயமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

சபீனா


ஏ.எஸ்.ராவ் நகர்
25 மே 2025

சபீனா,

நேற்று முழுக்க நீ என்னிடம் பத்து வார்த்தை பேசியிருப்பாய். சுனில் பாயிடம் மட்டும் முழங்காலுக்கு என்ன தைலம் என்று கால் மணி நேரம். போகட்டும்.

சார்ஜரை மாட்ட நான் இரண்டு முறை முயன்றதை நீ பார்த்தாய். பலகையில் எழுதும்போது சாக்பீஸ் உடைந்ததையும் பார்த்தாய். நூறு வந்தது. நீ போகலாம் என்றாய். சுனில் பாய் பெடலை மிதித்தார், வண்டி அசையவில்லை. அப்புறம் காற்றாடிகள் எழுந்தன பார், அடேயப்பா. பூர்ணா காருவின் முந்தானை பறந்து வந்து என் முகத்தை மூடிவிட்டது. மே மாத வெயிலில் மூன்று நிமிடம் அப்படி ஒரு காற்று. ஐம்பது வந்ததும்தான் வண்டி நகர்ந்தது.

முன் சீட்டில் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நீ கவனித்திருக்க மாட்டாய், அதை நான் சொல்கிறேன். போன முறை துள்ளிய வேப்பமரத் திருப்பம் வருவதற்கு முன்பே பூர்ணா காரு உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திருப்பம் போனது. சரிவு முடிந்தது. கீழே ரோட்டுக்கு வந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை. கையில் நிறைந்த டம்ளர் இருந்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. பின் சீட்டில் நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் கத்தியிருப்பேன்.

நீ ஸ்டேஷனுக்குப் போன பிறகு அவர் பத்து வேனுக்கும் சரி என்று சொல்லிவிட்டார். பத்து வேன், சபீனா. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். ஜல்தி நிறையாத நாளிலும் அந்தக் காற்று வருமா, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார். கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு பார்க்காம ஒரு வேனும் வெளிய வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேரில் கேட்கத் தைரியம் வராததை இங்கே கேட்கிறேன். என்னை மன்னித்துவிட்டாயா?

பத்ரி


கோயம்புத்தூர்
30 மே 2025

பத்ரி,

பத்து வார்த்தை இல்லை, பதினான்கு. எண்ணிக்கொண்டுதான் பேசினேன்.

ஷெட்டில் நுழைந்ததும் முதலில் பலகையைத்தான் பார்த்தேன். ஒன்பது மாதம் கழித்து எழுதிய வரியும், அதற்குக் கீழே நீ சாக்பீஸை உடைத்து எழுதிய வரியும் அப்படியே இருக்கட்டும். இரண்டையும் அழிக்காதே. புது டிரைவர்கள் வந்தால் முதலில் அவற்றைக் காட்டுவோம்.

பூர்ணா காருவின் பிடியில் இரண்டு வளையல் உடைந்துவிட்டது. ரயில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். திண்டாட்டம் எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. எதிர் சீட்டுக்காரர் பயப்படும் அளவுக்குத் தனியாகச் சிரித்தேன்.

கிணற்றோடு நிற்கிற மோட்டார் எனக்கு அலுத்துவிட்டது. இருக்கிற லீவையெல்லாம் சேர்த்துப் போட்டு ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டாய். பாதி. பாதி என்று திரையில் தெரிந்தால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க மன்னித்துவிட்டேன் என்று இப்போதே சொன்னால் முதல் சரிவிலேயே துள்ளும். மீதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஓட ஓட நிரம்பட்டும்.

ஜூன் 8, ஞாயிறு காலை ரயிலில் வந்து சேர்கிறேன். ஸ்டேஷனுக்கு சுனில் பாயை அனுப்பாதே, நீ வா. இறங்கியதும் போன் செய்வேன், எடு.

சபீனா